வீட்டுக்காரரின் கடைவாய்ப்பல்

"ஏணியை ஆட்டாதீங்க மாமா."

"நான் எங்கம்மா ஆட்டுறேன்? லாரி போகுது, தெருவே ஆடுது."

"சரி, எழுதிக்கோங்க. கீழ்ப்பக்க அகலம் ரெண்டடி நாலங்குலம்."

"இவ்வளவு அளவு எடுக்கிறியே, இதைப் போட்டுக்கிற மாதிரி வாய் எதாவது கிடைச்சிருக்கா?"

"கிடைச்சா முதல்ல உங்ககிட்டதான் கூட்டிட்டு வருவேன். இப்போ சிரிக்க வைக்காதீங்க, கை நடுங்குது."

ஏணியின் உச்சியில் நின்றவள் என் அத்தையின் மகள். குடும்பத்தில் எல்லோருக்கும் அவள் டேப்பு. பள்ளிக்கூடம் போகும்போதே அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கதவு, ஜன்னல், தூங்குகிற பூனை என்று எதையும் விடாமல் அளந்தவள். கட்டடக்கலை படித்துவிட்டு, நகரத்தின் பழைய கட்டடங்களைப் பதிவுசெய்து காக்கும் அலுவலகத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தபோது, இனி பூனைகள் நிம்மதியாகத் தூங்கும் என்றார் அப்பா. அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அதனால் கல்யாணப் பேச்சிலிருந்து நான் தப்பித்தேன் என்று நான் சொல்வேன். தப்பித்தது யாரென்று நன்றாக யோசித்துச் சொல் என்பாள் அவள்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் என் அப்பா. பல் செட் செய்பவர். அவருக்குப் பின்னால், கடைக்குள்ளே, பாலிஷ் மோட்டாரின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் அளந்துகொண்டிருந்தது ஒரு பல்லை.

எங்கள் கடை வாசலுக்கு மேலே, சுவரிலிருந்து துருத்திக்கொண்டிருந்த கடைவாய்ப்பல் அது. சுண்ணாம்பும் செங்கல் பொடியும் சேர்த்துத் தாத்தா செய்தது. மூன்றடி உயரம். இரண்டு வேர்களும் கீழ்நோக்கி, எங்கோ கிளம்பத் தயாராக நிற்கிற ஆளின் கால்களைப் போல இருக்கும். நிறம் வெள்ளை அல்ல. ஆறிப்போன டீயின் மேல் படர்கிற ஆடை மாதிரி ஒரு நிறம். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அது பொய்ப்பல் என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும் என்பது எங்கள் கடையின் கொள்கை. அப்பா கட்டுகிற செட்டிலும் அப்படித்தான். கொஞ்சம் பழுப்பு சேர்ப்பார். ஏதாவது ஒரு பல்லை ஒரு மயிரிழை சாய்த்து வைப்பார். செட்டைப் போட்டுக்கொண்டவர்களைப் பேசச் சொல்ல மாட்டார், சிரிக்கச் சொல்லுவார். பேசும்போது எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள், சிரிக்கும்போதுதான் பல் மாட்டிக்கொள்ளும் என்பார்.

அந்தப் பல்லுக்கு ஒரு கதை உண்டு. தாத்தா கடைக்கு இடம் கேட்டு வந்தபோது அந்த வீட்டின் சொந்தக்காரருக்கு வாயில் மேல்வரிசையே இல்லை. தாத்தா அவருக்கு ஒரு செட் கட்டிக் கொடுத்தார். கீழ்வரிசையில் மிச்சமிருந்த ஒரே கடைவாய்ப்பல்லை அச்சில் பார்த்தவர், இவ்வளவு அழகான பல்லை நான் பார்த்ததில்லை, இதைப் பெரிதாகச் செய்து வாசலில் மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டாராம். வீட்டுக்காரர் குளிர்ந்துபோனார். இப்படியாக அவருடைய பல் அவருடைய வீட்டில் எங்கள் விளம்பரமாக ஏறியது.

அந்தத் தெரு மொத்தமும் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கும் வீடுகள். கீழே வளைவுகள், மேலே சரசரக்கும் மரப்பலகை ஜன்னல்கள், ஜன்னலுக்கு மேல் சுண்ணாம்புச் சுதையில் செய்த பூக்கொத்துகள். சாயங்காலம் தெருமுனையில் நின்று பார்த்தால், யாரோ ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே நிறுத்திவிட்டதுபோல இருக்கும். நான் அப்படி நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைக்குத் தாமதமாக வந்து திட்டு வாங்கிய நாட்கள் நிறைய.

நடுவில் இருக்கிற மூன்று வீடுகள் ஒரே ஆளுக்குச் சொந்தம். எங்கள் கடை இருந்தது அவற்றில் ஒன்று. பழைய வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மகன் பொறுப்புக்கு வந்தார். அப்பா பெரிய வீட்டுக்காரர் என்றால் மகனை எப்படிச் சொல்வது? சின்ன வீட்டுக்காரர் என்றால் அர்த்தம் வேறு எங்கோ போய்விடும். அதனால் தெரு அவருக்கு வாரிசு என்று பெயர் வைத்தது. வாரிசு வந்தவுடன், மூன்று வீட்டையும் இடித்துவிட்டு உயரமாகக் கட்டப் போவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. முடிவெட்டிக்கொள்ளப் போகிறேன் என்பதுபோலச் சொன்னார்.

அதைத் தடுக்க ஒரு வழிதான் இருப்பதாக டேப்பு சொன்னாள். தெருவைப் பாரம்பரியத் தெரு என்று அறிவிக்க வைக்க வேண்டும். அறிவித்துவிட்டால் ஒரு செங்கல்லைக்கூட யாரும் அசைக்க முடியாது. ஆனால் வரிசை அறுபடாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் அலுவலகம் மதிப்பெண் போடும். மற்ற வீடுகளெல்லாம் தேறிவிட்டன. எங்கள் வீடு தேறவில்லை. மழையில் இடிந்து விழுந்த மர பால்கனிக்குப் பதிலாகப் பழைய வீட்டுக்காரர் தகர ஷீட் அடித்துவிட்டுப் போயிருந்தார். தகரத்துக்கு யார் மதிப்பெண் போடுவார்கள்?

டேப்பு எங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து நகம் கடித்தாள். பிறகு வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்தாள்.

விளம்பரப் பலகைகளுக்கு மதிப்பெண் கிடையாது என்று அவள் விளக்கினாள். கழற்றி மாட்டுகிற எதற்கும் கிடையாது. சுவரோடு சேர்ந்த சுதை வேலை என்றால் உண்டு, அதுவும் வேறெங்கும் இல்லாத வடிவம் என்றால் நிறையவே உண்டு.

"இது தொங்குதா, சுவரோட இருக்கா மாமா?"

"முதல்ல கொக்கியிலதான் தொங்குச்சு. கொக்கி துருப்பிடிச்சதும் பழைய வீட்டுக்காரரு கொத்தனாரை விட்டுப் பூசிவிட்டாரு. இப்போ ஒட்டிக்கிச்சு. நம்மள மாதிரிதான்."

"அந்தக் கொக்கி கதையை மறந்துடுங்க. சுவரோட பொறந்ததுன்னு சொல்லுங்க."

அப்பா உடனே ஒப்புக்கொண்டார். அவர் மனதில் வேறொரு கணக்கு ஓடியது. ஈறு இல்லாமல் பல் நிற்காது. பல்லைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஈறைக் காப்பாற்றித்தான் ஆக வேண்டும். பல்லைத் தொடக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டால், அதன் கீழே உட்கார்ந்திருக்கிற என்னை எவன் தொடுவான் என்று அவர் கேட்டபோது, டேப்புவும் அதுதானே என்று தலையாட்டினாள். இப்படி ஒரு கணக்கை வாழ்நாளெல்லாம் பல் கட்டியவரால்தான் போட முடியும். அதை நம்ப அவர் தோளில் ஏறி வளர்ந்தவளால்தான் முடியும்.

அம்மா மட்டும் நம்பவில்லை. டேப்பு விண்ணப்பத்தை வாசித்துக் காட்டியபோது கடைசிவரை கேட்டுவிட்டு, "இவ்வளவு எழுதியிருக்கியே, இதுல எங்க பேரு எங்க வருது?" என்றாள்.

"கட்டடத்தைப் பத்தித்தான் எழுதணும் அத்தை. ஆளைப் பத்தி எழுத அதுல இடமே இல்லை."

"அதைத்தான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

விண்ணப்பத்தை அலுவலகக் குழு விசாரித்த மண்டபத்தில் நீளமான மேஜை. அதன் பின்னால் குழு. நடுவில் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட தலைவி. ஒரு பக்கம் தெருக்காரர்கள். எதிர்ப் பக்கம் வாரிசும் அவருடைய வக்கீலும். டேப்பு குழுவின் பின்வரிசையில் கோப்புகளோடு உட்கார்ந்திருந்தாள், எங்களை முன்பின் பார்த்திராதவள் போல.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் எழுந்து நின்றார். அவருடைய முறை வந்தபோது பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து மேஜையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே, தாத்தா அன்றைக்கு எடுத்த அச்சில் வார்த்த ஒரு பழைய பிளாஸ்டர் தாடை. எங்களுக்கே அவர் அதைக் கொண்டுவருவது தெரியாது.

"இது யாரு?" என்றார் தலைவி.

"இவங்க அப்பாங்க" என்று வாரிசைக் காட்டினார் அப்பா.

மண்டபம் சிரித்தது. அப்பாவுக்குச் சிரிக்கிற கூட்டம் கிடைத்தால் போதும். தாத்தா இடம் கேட்டு வந்தது, மேல்வரிசை இல்லாத வாய், மிச்சமிருந்த ஒற்றைப் பல், குளிர்ந்துபோன வீட்டுக்காரர் என்று முழுக்கதையையும் சொன்னார். வக்கீல்கூடச் சிரித்தார். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாரிசு மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அந்தத் தாடையைக் கையில் எடுத்து, அந்த ஒற்றைப் பல்லின் மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார்.

தலைவி கேட்டார். "இதைக் கழற்ற முடியுமா? வாசல்ல இருக்கிற பெரிய பல்லை?"

அப்பா டேப்புவைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழற்றினா சுவரும் கூடவே வரும்மா."

"அப்படின்னா இது உங்க கடைப் பலகை இல்லை. கட்டடத்தோட பாகம். சரிதானே?"

"ஆமாம்மா. கட்டடத்தோடதுதான்" என்றார் அப்பா. பெருமையில் ஒரு வரி கூடுதலாகவும் சொன்னார். "நாங்க சும்மா அது நிழல்ல உக்காந்திருக்கோம்."

ஓரத்தில் இருந்த எழுத்தர் அதைத் தட்டச்சு செய்துகொண்டார்.

வாரிசு ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எங்க அப்பா ஞாபகம் இந்த வீட்டில் இப்படி இருக்கிறதென்று எனக்குத் தெரியாமல் போயிற்று, இடிக்கிற எண்ணம் இனி இல்லை என்று அவர் சொன்னபோது தெருக்காரர்கள் கைதட்டினார்கள். பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த டீச்சர் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். வெளியே வரும்போது, இந்தத் தாடையை நான் வைத்துக்கொள்ளலாமா என்று வாரிசு கேட்டார். அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. உங்க அப்பாவை உங்ககிட்ட குடுக்க நான் யாருங்க என்று துணியோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு நாங்கள் எல்லோரும் நடந்தே வீடு திரும்பினோம். டேப்பு நடுவில் நடந்தாள். அப்பா அவள் தலையில் கை வைத்தபடியே வந்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். அந்த வெயிலில் தெருவின் ஜன்னல்களெல்லாம் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதுபோலக்கூட எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படி.

தெரு பாரம்பரியத் தெரு ஆயிற்று. எங்கள் வாசலில் ஒரு பித்தளைத் தகடு பதித்தார்கள். வீட்டின் வயது, வளைவுகளின் பாணி, முகப்பில் உள்ள அரிய கடைவாய்ப்பல் சிற்பம் என்று அதில் இருந்தது. அம்மா வந்து நின்று முழுதாகப் படித்தாள். அவள் என்ன தேடினாள் என்று எங்களுக்குத் தெரியும்.

ஆட்கள் வந்து படம் எடுத்தார்கள். கடைக்குள் உட்கார்ந்திருந்த அப்பாவிடம், கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா, நிழல் விழுது என்றார்கள். நகர்ந்துகொண்டார்.

பிறகு ஒரு நாள் வாரிசு நேரிலேயே வந்தார். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து சாய்ந்துகொண்டார். இந்த வீடு நிற்கிறதென்றால் அது உங்களால்தான் என்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னார். அப்புறம், பாரம்பரிய விதிப்படி வீட்டைப் பழுதுபார்த்தாக வேண்டும், அதற்கு எல்லோரும் காலி செய்ய வேண்டும் என்றார். வேலை முடிந்ததும் திரும்ப வரலாம்தானே என்று அப்பா கேட்டார். வாரிசு மேஜை மேலிருந்த கேஸ் அடுப்பைப் பார்த்தார். மெழுகு உருக்கவும் செட்டை வேகவைக்கவும் நாங்கள் வைத்திருக்கிற சின்ன அடுப்பு.

"மரத்தளத்துக்குக் கீழ இப்படி நெருப்பு வச்சுக்கக் கூடாதாம். நான் சொல்லலை. உங்க மருமக ஆபீஸ்லதான் விதி போட்டிருக்காங்க."

கடை என்ன ஆகப் போகிறது என்று கேட்டதற்கு, ஒரு காபி ஷாப் வரலாம் என்றார். காபிக்கு நெருப்பு வேண்டாமா என்று நான் கேட்டேன். கரண்ட்டில் ஓடும் மெஷின் என்று பொறுமையாகப் பதில் சொன்னார்.

விஷயம் கேள்விப்பட்டதும் டேப்பு அவளுடைய மேலதிகாரியிடம் போனாள். ஒரு வாரம் எங்கள் பக்கம் வரவில்லை. வந்தபோது கடை ஸ்டூலில் உட்காரவில்லை, வாசல் படியிலேயே நின்றாள். மேலதிகாரி என்ன சொன்னார் என்று அவள் சொல்லத் தொடங்கி, பாதியில் தரையைப் பார்த்து, மறுபடி தொடங்கினாள்.

"நாங்க பாதுகாக்கிறது தெருவுல நின்னு பாத்தா கண்ணுக்குத் தெரியுறதைத்தான் மாமா. உள்ள யாரு இருக்காங்கன்றது எங்க வேலையில வராதாம்."

"நான் வாசல்லதானேம்மா உக்காந்திருக்கேன்" என்றார் அப்பா. "தெருவுல நின்னு பாத்தா தெரியலையா?"

குறைந்தபட்சம் அந்தப் பல்லையாவது நாங்கள் கொண்டுபோகலாமா என்று நான் கேட்டேன். கொக்கியில் தொங்கியது, எங்கள் தாத்தா செய்தது, எங்கள் கடையுடையது. அது கட்டடத்தின் பாகம் என்று பதிவாகிவிட்டது, மாமாவே ஒப்புக்கொண்டது விசாரணைக் குறிப்பில் இருக்கிறது, இனி அதில் ஒரு கீறல் விழுந்தாலும் குற்றம் என்றாள்.

"அப்படிச் சொல்லச் சொன்னது யாரு?"

"வாயை மூடுடா" என்றார் அப்பா. என்னைத்தான்.

டேப்பு போய்விட்டாள். அதன்பிறகு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து குறைந்தது. அத்தை ஒருமுறை வந்து, சின்னப் பெண் நல்லது செய்யத்தானே பார்த்தாள் என்று அழுதாள். அம்மா அவளுக்குக் காபி கொடுத்து, நாங்க ஒண்ணுமே சொல்லலையே அண்ணி என்றாள். ஒன்றுமே சொல்லாதது எப்படிக் குத்தும் என்று அம்மாவுக்குத் தெரியும்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வணிக வளாகத்தின் மூன்றாவது மாடிக்குப் போனோம். ஜன்னல் இல்லாத அறை. ட்யூப் லைட்டின் கீழே எல்லாப் பற்களும் ஒரே நிறமாகத் தெரிந்தன. பழுப்புச் சேர்க்க வேண்டியிருந்தால் அப்பா செட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வெயிலில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வளாகத்தில் தனிப் பலகை வைக்க விடவில்லை. கீழே படிக்கட்டு அருகில் எல்லாக் கடைகளின் பெயரும் அடங்கிய ஒரு பட்டியலில் எங்களுக்கு ஒரு வரி. அதைப் படிக்க நல்ல கண் வேண்டும்.

வேலை இல்லாமல் போகவில்லை. பல் மருத்துவர்களிடமிருந்து ஆர்டர் வரும், போகும். வராமல் போனது ஆட்கள். பல்லை இழந்தவர்களில் பாதிப் பேருக்குக் கண்ணும் மங்கல். பல் மாட்டின கடை என்று அடையாளம் கேட்டு வந்தவர்கள் எல்லோரும் பழைய தெருவுக்கே போனார்கள். பல் அங்கேதான் இருந்தது. அப்படிப் போன ஒரு பெரியவர் எங்களைக் கண்டுபிடித்து மூச்சிரைக்க மாடியேறி வந்து சொன்ன கதை இது. அவர் பல்லுக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து உள்ளே போய், கவுன்டரில் நின்ற பெண்ணிடம் வாயைத் திறந்து காட்டி, மேலே முழுசா வேணும், கீழே ரெண்டு போதும் என்றாராம். அந்தப் பெண், சர்க்கரை போடவா வேண்டாமா என்று கேட்டாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். அப்பாதான், எல்லோரையும் சிரிக்கச் சொல்கிற அப்பாதான், பல் அச்சு எடுக்கிற மாவைக் கலக்கிக்கொண்டு குனிந்தே இருந்தார்.

நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். தெரு புதிதாக இருந்தது. எல்லா வீடுகளுக்கும் ஒரே வெள்ளை அடித்திருந்தார்கள். பல்லுக்கும் அடித்திருந்தார்கள். பளிச்சென்று இருந்தது, சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடுகிற மாதிரி. தகரம் போய் மரத்தில் புதுப் பால்கனி வந்திருந்தது, அதில் ஏறி நிற்கக் கூடாது என்று ஒரு குறிப்போடு. பின்பக்கச் சந்து வழியாகப் போனேன். அங்கிருந்து பார்த்தபோதுதான் பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் முன்சுவர் மட்டுமே மிச்சம் என்று தெரிந்தது. பின்னால் இரும்புச் சட்டங்கள் முட்டுக்கொடுத்து நின்றன. டீச்சர் குடியிருந்த மாடி ஜன்னலில் வானம் தெரிந்தது. உள்ளே ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். முகப்பை விட்டுவிட்டுப் பின்னால் எவ்வளவு உயரமாகவும் கட்டிக்கொள்ளலாமாம். முன்பல் நான்கை மட்டும் கட்டி, உதட்டை விலக்கிக் காட்டிக்கொண்டிருக்கிற வாய். மெல்லுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

காபி ஷாப்புக்குள் ஒரு கண்ணாடிப் பெட்டியில் பழைய வீட்டுக்காரரின் தாடையை வைத்திருந்தார்கள். அடியில் சின்ன விளக்கு. அதைப் பார்த்துவிட்டு வந்து நான் சொல்லியிருக்கக் கூடாது. அப்பா வாரிசுக்கு போன் செய்து, ஒரே ஒரு நாளைக்கு அதைத் தர முடியுமா, ஒரு நகல் எடுத்துக்கொண்டு கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டார். அது இப்போது கடையின் அடையாளம், அதே மாதிரி இன்னொன்று வெளியே இருந்தால் நன்றாக இருக்காது என்று பதில் வந்தது.

அதன்பிறகு அப்பா ஒரு தகர ஷீட்டை வளைத்துக்கொண்டிருந்தார். வேலை இல்லாத நேரமெல்லாம் தட்டுவார், ஓரத்தை மடிப்பார், தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். அறையில் எங்கோ ஒழுகுகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மதியம், பையைத் தூக்கிக்கொண்டு என்கூட வா என்றார். கனமான பை. எங்கே என்று கேட்கவில்லை, பேருந்தில் ஏறியதும் தெரிந்துவிட்டது. காபி ஷாப்புக்கு வார விடுமுறை. தெருவில் ஆளே இல்லை. எதிரே பல்பு கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் அவருடைய ஏணியைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்துவிட்டு மறுபடி உள்ளே போனார். முன்பே பேசி வைத்திருக்கிறார்கள்.

பித்தளைத் தகட்டுக்கு எதிரே டேப்பு நின்றிருந்தாள். கையில் அட்டையும் பேனாவும். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. வீடுகளில் ஏதாவது மாற்றம் நடந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுவது அவளுடைய வேலை, அன்றைக்கு இந்தத் தெருவின் முறை. அப்பாவுக்கு அது தெரிந்திருக்கிறது. அவள் வருகிற நாளாகப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

"சாப்பிட்டீங்களா மாமா?" என்றாள். அவ்வளவு நாட்களுக்குப் பிறகு அவள் கேட்டது அதுதான்.

அப்பா தலையாட்டினார். என் கையிலிருந்த பையை வாங்கி நடைபாதையில் வைத்துத் திறந்தார். அச்சு மாவு டப்பாக்கள், ரப்பர் கிண்ணம், தண்ணீர் பாட்டில்கள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தகரம். இப்போது பார்த்ததும் புரிந்தது. வாயில் வைத்து அச்சு எடுக்கிற தட்டுதான், மூன்றடிப் பல்லுக்கு ஏற்ற அளவில். அன்றைக்கு அவள் சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொண்ட அதே அளவுகள்.

டேப்புவுக்கும் புரிந்துவிட்டது. அவள் முகம் வெளுத்தது.

"வேண்டாம் மாமா. அந்த ஈரம் சுண்ணாம்புல இறங்கினா மேல்தோல் உரிஞ்சு வந்துடும். அது பதிவான சொத்து. பக்கத்துல நின்னேன்னு தெரிஞ்சாலே என் வேலை போயிடும்."

"உரியாதும்மா. மெழுகு தடவிட்டுத்தான் வைப்பேன். எத்தனை ஈறுல வச்சிருக்கேன், ஒருத்தருக்காவது தோல் உரிஞ்சிருக்கா?"

"ஈறு இல்லை மாமா இது."

"தெரியும்" என்றார் அப்பா. "இப்போ தெரியும்."

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். முதல் படியில் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். ஏணி லேசாக ஆடியது. நான் ஒரு அடி முன்னால் போனேன். அப்பா என்னைப் பார்க்காமலே கையை நீட்டி என்னை அங்கேயே நிறுத்தினார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது அவளைத்தான். அவள் அட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். தலைக்கு மேலே அந்த வெள்ளைப் பல், இரண்டு கால்களையும் தொங்கவிட்டுக்கொண்டு எங்கேயும் போகாமல் நின்றது.

"நிறம் வேண்டாம். அது என் கையிலேயே இருக்கு, கலந்துக்குவேன். உருவம் மட்டும் போதும். இறுகுறதுக்குள்ள அசையாம பிடிச்சுட்டு இறங்கிடுவேன்" என்றார் அப்பா. பிறகு, பல் வலியோடு வருகிறவர்களிடம் பேசுகிற அந்தத் தணிந்த குரலில் கேட்டார்.

"ஏணியை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கிறியாம்மா?"